இருட்டில் நடப்பவர் கண்ணில் பட வேண்டும்

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு கூட்டம் ராத்திரி முழுக்கச் சாலையில் இருக்கிறது. ஒன்று, 29ஆம் தேதிக் கொடியேற்றத்துக்குள் வேளாங்கண்ணி போய்ச் சேர்வதற்காகக் காவி உடுத்திக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கும் நம் ஜனம். இன்னொன்று, அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் ஹூட் மலையிலிருந்து பசிபிக் கடற்கரைவரை மாறி மாறி ஓடும் ‘ஹூட் டு கோஸ்ட்’ தொடர் ஓட்டக்காரர்கள். நான் இரண்டாவது கூட்டத்தில் ஒருத்தி. பிறந்து வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கம் என்பதால் ராத்திரிப் பாதயாத்திரையும் எனக்குப் புதிதில்லை. திருச்செந்தூருக்கு நடந்துபோன குடும்பம் எங்களுடையது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே சாலை, ஒரே இருட்டு, ஒரே தூக்கக் கலக்கம். ஆனால் ஒரு கூட்டம் வீடு திரும்புவது பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இன்னொரு கூட்டத்தில் யாராவது வண்டி மோதிச் செத்த செய்தி ஏறக்குறைய ஒவ்வொரு விழாக் காலத்திலும் நாளிதழின் உள்பக்கத்தில் வருகிறது. இந்த வித்தியாசம் எதனால் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பணத்தால் வந்த வித்தியாசம் இல்லை அது.

முதலில் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாப் ஃபுட் என்ற ஓட்டக்காரர் 1982இல் தொடங்கியது. அந்த வருஷம் ஓடியவை எட்டே அணிகள். இப்போது ஆயிரம் அணிகளுக்கு மேல். இடம் கிடைப்பதே பெரும்பாடு. ஹூட் மலையில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் டிம்பர்லைன் லாட்ஜ் என்று 1930களில் கட்டிய ஒரு விடுதி இருக்கிறது. அதன் வாசலில் கிளம்பி, சாண்டி, போர்ட்லாந்து, செயின்ட் ஹெலன்ஸ், மிஸ்ட் என்று ஊர்களையும் காடுகளையும் கடந்து சீசைடு என்ற ஊரின் கடற்கரை மணலில் முடிக்க வேண்டும். தூரம் ஏறத்தாழ 320 கிலோமீட்டர், 36 கட்டம். ஓர் அணியில் அதிகபட்சம் 12 பேர், ஆளுக்கு மூன்று கட்டம். அணிக்கு இரண்டு வேன். முதல் வேனின் ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஓடி முடிக்கும்வரை இரண்டாவது வேனுக்கு ஓய்வு. பிறகு அவர்கள் ஓட, இவர்களுக்கு ஓய்வு. மெதுவாக ஓடும் அணிகளை வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே கிளப்பிவிடுவார்கள், வேகக்காரர்கள் மத்தியானத்துக்கு மேல்தான் புறப்பட முடியும். அதனால் சனிக்கிழமை பகலில் கடற்கரையில் எல்லா அணிகளும் ஒன்றாகக் கூடிவிடும்.

எங்கள் அணியில் பெரும்பாலானவர்கள் ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கத்துத் தமிழர்கள். பாதிப் பேர் சிப் தொழிற்சாலை ஆட்கள். ஒரு பல் டாக்டர், ஒரு பள்ளி நூலகர், கணவனும் மனைவியுமாக ஒரு மெக்சிகோக் குடும்பம், என் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர். வயதில் நான்தான் மூத்தவள், எல்லாருக்கும் ‘அக்கா’. மெக்சிகோக்காரரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்.

ஆளுக்கு மொத்தம் 25 கிலோமீட்டர் வாக்கில் ஓட வேண்டியிருக்கும். மூன்று தவணையையும் சேர்த்தால் இரண்டரை மணி, மூன்று மணி நேரம். மீதி நேரமெல்லாம் வேன்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி ஜிப் கவரில் பனியன், டிரவுசர், சாக்ஸ் எடுத்துக்கொண்டு வருவோம். ஓடி முடித்ததும் நனைந்த துணி அதே கவருக்குள் போய் மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி பத்து மணிக்கு வேனுக்குள் உட்கார முடியாது. பின் சீட்டுக்கு அடியில் எவர்சில்வர் தூக்கில் தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய், உப்புப் போட்டு வேகவைத்த குட்டி உருளைக்கிழங்கு, எங்கள் ஊர்க் கடலைமிட்டாய். வியர்வையில் போன உப்பை உருளைக்கிழங்கு ஈடுகட்டும். ஓடிவிட்டு வந்து உடனே உட்கார்ந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் என்பதால் மாற்றுமிடத்தில் நாலு சுற்று நடந்துவிட்டுத்தான் வேனில் ஏறலாம் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு.

முதல் கட்டம் மலையிலிருந்து ஒரே இறக்கம். ஒன்பது கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 600 மீட்டர் இறங்கிவிடும். இறக்கம்தானே என்று இஷ்டத்துக்கு ஓடினால் தொடைத் தசை இறுகி, ராத்திரிக் கட்டத்தில் படி இறங்கவே முடியாது. அதனால் அந்த இடத்தை எங்கள் அணியில் நிதானமான ஆளுக்குத்தான் கொடுப்போம். கைமாற்றுவது கோலோ துணியோ கிடையாது, ஒரு கைப்பட்டை. துணிக்குள் மெல்லிய தகடு வைத்துத் தைத்திருக்கும். நீட்டிப் பிடித்து அடுத்தவர் மணிக்கட்டில் தட்டினால் தானே சுருண்டு பிடித்துக்கொள்ளும். 12 பேர் கைக்கு மாறி மாறி வந்த வியர்வையெல்லாம் அதில் ஊறியிருக்கும். ஆனாலும் அதை வாங்கும்போது யாரும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

இந்த மாதிரி ஓட்டத்தை அமெரிக்கர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1917 ஏப்ரலில் ஜப்பானில் கியோட்டோவின் சான்ஜோ பாலத்திலிருந்து டோக்கியோவின் உவேனோ குளக்கரைவரை 508 கிலோமீட்டரை 23 கட்டமாக, ராப்பகலாக ஓடினார்கள். அதை நடத்தியது யோமியுரி நாளிதழ். யோசனைக்குப் பின்னால் இருந்த தோகி சென்மாரோ அந்த நாளிதழில் வேலை பார்த்த கவிஞர். கிழக்கு அணிக்குக் கடைசி ஆளாக ஓடி முடித்த கனகுரி ஷிசோ, 1920இல் ஹக்கோனே தொடர் ஓட்டம் தொடங்கவும் காரணமானவர். புத்தாண்டையொட்டி ஜனவரி 2, 3 தேதிகளில் இன்றும் அந்த ஓட்டம் நடக்கிறது, ஜப்பானே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்க்கிறது.

நம் ஊரில் இதற்குப் பெயர் தொடர் ஜோதி. பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழாவுக்கு இளவட்டங்கள் ஜோதி ஏந்தி ஓடிவருவதைச் சின்ன வயதில் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறேன். முன்னால் ஒருவன் தீப்பந்தத்தோடு ஓடுவான். பின்னால் மினி லாரியில் மற்ற பையன்கள் தொங்கிக்கொண்டு வருவார்கள். அவன் களைத்ததும் ஒருவன் குதித்து வாங்கிக்கொள்வான். ஒரேகானில் முதன்முறை கைப்பட்டையை வாங்கியபோது எனக்கு அந்த மினி லாரிதான் ஞாபகத்துக்கு வந்தது. கூட்டாளிகளோடு சேர்ந்து ராத்திரியில் தூரம் கடப்பது நமக்குப் பழைய சங்கதி. அதை யாரும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

செயின்ட் ஹெலன்ஸ் தாண்டியதும் சாலை காட்டுக்குள் போகிறது. மிஸ்ட் என்ற சிற்றூர்ப் பக்கம் கைபேசியில் ஒரு கோடு சிக்னலும் வராது. தெருவிளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் டக்ளஸ் ஃபர் மரங்கள் வானத்தை மூடி நிற்கும். சில இடங்களில் ஜல்லிச் சாலை, வேன் கடந்து போனால் கிளம்பும் புழுதி நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் சுவராக நிற்கும். எதிரே எதுவும் தெரியாது. தூரத்தில் சிவப்பாக மின்னும் ஒரு சின்ன விளக்கு மட்டும் தெரியும். அது முன்னால் ஓடுபவரின் முதுகு. அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுவதுதான் வேலை. வளைவில் அது மறைந்தால் மனசு கொஞ்சம் பதறும், திரும்பத் தெரிந்ததும் கால் தானாக வேகம் பிடிக்கும். உடம்புச் சூடு மிகவும் குறைவது விடியலுக்கு முந்தைய சில மணி நேரத்தில்தான். அதனால் பகலில் அலட்டாமல் ஓடும் வேகம் ராத்திரி ரெண்டு மணிக்குப் பாரமாக இருக்கும். பெண்ணாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில், அந்த இருட்டில், யாருக்கும் பயப்படாமல் தனியாக ஓடினேன். என் அம்மாவின் ஆயுளில் அவருக்கு ஒரு ராத்திரிகூட அப்படிக் கிடைக்கவில்லை.

அந்தப் பயமின்மை தானாக வந்ததில்லை. விதி கொண்டுவந்தது. பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் காலைவரை ஓடுபவர் ஒவ்வொருவரும் முன்னும் பின்னும் ஒளிரும் பட்டை வைத்த ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டாக வேண்டும். நெற்றியில் விளக்கோ கையில் டார்ச்சோ வேண்டும். உடம்பில் மின்னும் விளக்கு வேண்டும். காதை அடைக்கும் ஹெட்போனுக்கு அனுமதி இல்லை, பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக. ஓடாமல் கூட்டாளிக்குத் தண்ணீர் கொடுக்க வேனை விட்டு இறங்குகிறவருக்கும் ஜாக்கெட் கட்டாயம். விதியை மீறினால் அணியையே வெளியேற்றலாம்.

எங்கள் அணியில் அதிவேக ஓட்டக்காரர் ஒரு தம்பி. ஒரு ராத்திரிக் கட்டத்துக்கு மாற்றுமிடத்தில் தயாராக நிற்கிறார். ஜாக்கெட் இருக்கிறது, நெற்றி விளக்கும் எரிகிறது, ஆனால் முதுகில் மாட்டிய மின்னும் விளக்கில் பேட்டரி தீர்ந்துவிட்டது. கைப்பட்டை வந்துவிட்டது. தம்பி கிளம்பப் பார்த்தார். அங்கே பொறுப்பில் இருந்த தன்னார்வலர் வெள்ளை முடி வைத்த பாட்டி, மடக்கு நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தவர். எழுந்து வந்து கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். “விளக்கு எரிந்த பிறகு போ” என்றார். தம்பி கெஞ்சினார். பின்னால் வந்த அணிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. பல் டாக்டர் தன் ஜாக்கெட்டிலிருந்த விளக்கைக் கழற்ற முயன்றார், குளிரில் விரல் மரத்துக் கிளிப் திறக்கவில்லை. கடைசியில் பல்லால் கடித்துத்தான் திறந்தார். தம்பியின் முதுகில் அந்தச் சிவப்பு மின்னியதும் பாட்டி கையை இறக்கினார், “நன்றாக ஓடு, கண்ணு” என்கிற மாதிரி ஏதோ சொல்லி முதுகில் தட்டினார். தம்பி இருட்டுக்குள் போய்விட்டார். வேனுக்குத் திரும்பும்போது “நாலு நிமிஷம் போச்சு அக்கா” என்றார் கன்னடக்காரர். பல் டாக்டர் திரும்பிப் பார்த்து, “போகட்டும் சார், ஆள் போகாம இருந்தாச் சரி” என்றார். அதற்குப் பிறகு எங்கள் வேனில் பேட்டரி டப்பா இல்லாமல் சாவியைத் திருப்புவதில்லை.

அந்தப் பாட்டி சம்பளத்துக்கு உட்காரவில்லை. உள்ளூர் அணிகள் ஓட இடம் கேட்டால் தன்னார்வலர்களையும் அனுப்பியாக வேண்டும் என்பது ஹூட் டு கோஸ்ட் வழக்கம். வழியோர ஊர்க்காரர்கள் தங்கள் பள்ளிக்கும் சங்கத்துக்கும் நிதி திரட்டச் சூடாக ஏதாவது சமைத்து விற்பார்கள். நம் ஊரில் பாதயாத்திரைக்காரர்களுக்கு நீர்மோரும் சுக்குக் காப்பியும் கொடுக்கிறோமே, அதே மனசுதான். அவர்கள் அந்த மனசோடு ஒரு கண்டிப்பையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஜாக்கெட்டுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன்? 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் பார்த்து, மூளைக்கு எட்டி, பிரேக் மிதிப்பதற்குள்ளேயே 30 மீட்டருக்கு மேல் போய்விடும், அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கவே தொடங்கும். தாழ்த்திய முகப்பு விளக்கில், அடர் நிறத் துணி போட்ட ஆள் பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள் வந்த பிறகுதான் தெரிவார். ஒளிரும் பட்டைக்குள் இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள் விளக்கின் வெளிச்சத்தை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. அதனால் 150 மீட்டருக்கு அப்பாலிருந்தே ஓட்டுநர் கண்ணில் படும். அந்தப் பட்டை மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இருந்தால் இன்னும் நல்லது. கைகால் அசைவதைப் பார்த்ததும் அது பலகையோ கல்லோ இல்லை, மனுஷன் என்று மூளை உடனே கண்டுகொள்ளும். முகப்பு விளக்கு நம் கண்ணைக் கூசுவதால், அந்த ஓட்டுநருக்கும் நாம் பளிச்சென்று தெரிவோம் என்று நடப்பவர் நினைத்துக்கொள்கிறார். இருட்டில் ஆளைக் கொல்லும் நினைப்பு அது. காவியும் பச்சையும் பகலில்தான் நிறம். ராத்திரியில் இரண்டும் கறுப்பு.

இனி ஓட்டுநருக்கு வருகிறேன். ஹூட் டு கோஸ்ட் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் ஓடுபவர்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த முப்பது மணி நேரத்தில் மிகப் பெரிய பொறுப்பு வேன் ஓட்டுபவருடையது. ஓடுபவர் தூங்கி வழிந்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். வேன் ஓட்டுபவர் கண்ணயர்ந்தால் உள்ளே இருக்கும் ஐந்து பேரும், சாலையோரம் ஓடிக்கொண்டிருக்கும் அந்நியர்களும் போய்விடுவார்கள்.

எங்கள் வேனின் டாஷ்போர்டில் ஒரு அட்டை ஒட்டியிருக்கும். கட்ட நேரம் எழுதிய அட்டை இல்லை, அது வேறு. இதில் யார் எப்போது படுத்தார், எப்போது எழுந்தார் என்று பேனாவால் எழுதுவோம். நாலு மணி நேரமாவது தூங்கி எழுந்தவர் கைக்குத்தான் சாவி. கண் விழித்ததுமே யாரும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, முகம் கழுவி, இருபது நிமிஷம் நடந்துவிட்டு வர வேண்டும். தூக்கத்திலிருந்து எழுந்த மூளை தெளிய அவ்வளவு நேரம் ஆகும். ஓடாமல் ஓட்டுவதற்கென்றே ஒருவரை வேனுக்கு ஒருவராகக் கூட்டிக்கொண்டு போகிறோம். அந்தப் பொறுப்பை இப்போதெல்லாம் நானே விரும்பி எடுத்துக்கொள்கிறேன். “அக்கா, நீங்க ஓடலையா?” என்று கேட்பவர்களிடம், “நான்தான் எல்லாரையும் ஓட வைக்கிறேன்” என்று சொல்வேன்.

இதில் விஞ்ஞானம் தெளிவாக இருக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருக்குச் சமமாகக் குறைந்துபோகும் என்று 1990களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.1 சதவீதத்தைத் தொடும். நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலெல்லாம் வேலை பார்த்து, ராத்திரி பதினொன்றரைக்குக் கோயிலுக்கு வேன் எடுக்கும் ஓட்டுநர் சட்டம் சொல்லும் அளவைத் தாண்டிக் குடித்தவருக்குச் சமம். குடித்தவர் வண்டியில் நம் பிள்ளைகளை ஏற்ற மாட்டோம். தூங்காதவர் வண்டியில் குடும்பத்தோடு ஏறி, தேங்காய் உடைத்துக் கிளம்புகிறோம்.

2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொல்கிறது. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். ராத்திரியில் கூட்டமாக நடப்பதைத் தன் வழிபாட்டின் ஒரு பகுதியாக வைத்திருக்கும் நம் மாநிலம் இந்தக் கணக்கைத் தன் வீட்டுக் கணக்காகப் பார்க்க வேண்டும். தைப்பூசத்துக்குப் பழநி, பங்குனி சித்திரையில் சமயபுரம், பச்சை உடுத்தித் திருச்செந்தூர், ஆடியில் ஊர் ஊராக அம்மன் கோயில்கள், ஆகஸ்டில் வேளாங்கண்ணி. வருஷத்தில் பாதி மாதங்கள் யாராவது நடந்துகொண்டிருக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடக்கிறார்கள். அது சரியான முடிவுதான். செட்டிநாட்டிலிருந்து காவடிகளோடு பழநிக்கு நடக்கும் நகரத்தார் பல தலைமுறைகளாக ஒரு ஒழுங்கோடு நடக்கிறார்கள். எங்கே தங்குவது, எப்போது கிளம்புவது, யார் முன்னால் போவது எல்லாம் அவர்களிடம் வழக்கமாகவே இருக்கிறது. கட்டுப்பாடு பக்திக்கு விரோதம் என்று அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பழநி பாதையில் நடப்பவர்களுக்கென்று சில இடங்களில் தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். போலீசார் பைகளிலும் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் காவலர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஸ்டிக்கர் வியர்வையில் கழன்றுவிடும், துண்டைப் போர்த்தினால் மறைந்துவிடும். நடுவழியில் ஒரு போலீஸ்காரர் கண்ணில் பட்டவர்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கிறது. ஒட்டிவிடுவது அரசின் வேலை, ஒட்டிக்கொள்வது தன் விருப்பம் என்று இருக்கும்வரை இது மாறாது. ஹூட் டு கோஸ்டில் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு வருவது ஓடுபவரின் பொறுப்பு, போடாதவரை விடாமல் இருப்பது அணியின் பொறுப்பு, அணி தவறினால் தடுப்பது அந்தப் பாட்டியின் பொறுப்பு. மூன்று இடத்தில் அடைப்பு இருப்பதால் ஒன்று தவறினாலும் இன்னொன்று பிடித்துவிடுகிறது.

நம் பாதயாத்திரைக் குழுக்களில் குருசாமி ஒருவர் இருப்பார். செருப்புப் போடாதே என்றால் போட மாட்டார்கள். கவுச்சி தொடாதே என்றால் தொட மாட்டார்கள். விரதம் முடியும்வரை அவர் சொல்லுக்கு மறுப்பில்லை. இவ்வளவு அதிகாரம் உள்ளவர், மாலை போடும்போதே “ஜாக்கெட் இல்லாமல் என்னோடு ராத்திரியில் நடக்கக் கூடாது” என்று சொன்னால் ஒருவர்கூட மீற மாட்டார். கலெக்டர் உத்தரவு போடுவதைவிட அவர் வாயால் சொல்வது நூறு மடங்கு பலிக்கும். ஒரு ஜாக்கெட் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டு விலைக்குள் கிடைக்கிறது. இருமுடியிலும் காவடியிலும் செலவழிப்பதில் அது ஒரு சின்னப் பங்கு.

எந்தப் பக்கம் நடப்பது என்பதும் உயிர்ப் பிரச்சினை. ஒரேகானில் வண்டிகள் வலப்பக்கம் போவதால் நாங்கள் பெரும்பாலும் இடது ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுகிறோம். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. ஆகவே நடைபாதை இல்லாத சாலையில் நடப்பவர் வலது ஓரத்தில், வண்டிக்கு முகம் காட்டி நடக்க வேண்டும். ஆனால் நம் குழுக்கள் பெரும்பாலும் இடது ஓரத்தில், வண்டிக்கு முதுகு காட்டி, ஸ்பீக்கரில் பாட்டு வைத்துக்கொண்டு நடக்கின்றன. பின்னால் லாரி வருவது காதிலும் விழாது, கண்ணிலும் படாது. பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்குமிடத்தில் விடிய விடியப் பாடுங்கள். சாலையில் காது சாலைக்கு வேண்டும்.

தொடர் ஜோதி ஓடும் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் காலில் இருக்கும் வலு எங்கள் அணியில் ஒருவருக்கும் கிடையாது. ஆனால் மினி லாரியின் பின்பலகையில் தொங்கிக்கொண்டு வருவதும், ஓடும் வண்டியிலிருந்து குதித்து ஜோதி வாங்குவதும் வீரத்தில் சேராது. வண்டியை முன்னால் அனுப்பி, ஓரமாக நிறுத்தி, இறங்கி நின்று வாங்குங்கள். ஹூட் டு கோஸ்டில் அப்படித்தான். ஓடுபவர் பின்னால் வேன் ஊர்ந்து வருவதற்கு அனுமதியே இல்லை, அடுத்த மாற்றுமிடத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். ஜோதிக்கு மரியாதை குறையாது. வெளிச்சம் தீப்பந்தத்தில் மட்டும் இருந்தால் போதாது, உங்கள் முதுகிலும் இருக்கட்டும்.

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் விடிகாலை நாலரை மணிக்குக் கூடும் ஓட்டக் குழுக்களும் இதில் அடங்கும். லீவில் ஊருக்கு வரும்போது அவர்களோடு ஓடியிருக்கிறேன். விலை உயர்ந்த ஷூ, கையில் நாடித்துடிப்பு காட்டும் கடிகாரம், உடம்பில் கறுப்பு டி-ஷர்ட், காதில் பாட்டு. ஷூவின் விலையில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாத ஒரு பட்டை மட்டும் இல்லை. படித்தவர்கள், பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் முதலில் அதைப் போட்டுக்கொண்டு ஓடினால் மற்றவர்களுக்கும் அது கௌரவமாகும்.

“சாமி பார்த்துக்குவார், இத்தனை வருஷம் நடந்தோம்” என்று சொல்பவர்கள் உண்டு. என் பெரியப்பாவும் அப்படிச் சொல்வார், அவர் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அவர் நடந்த காலத்தில் அந்தச் சாலையில் மாட்டுவண்டியும் ராத்திரிக்கு ஒரு பஸ்ஸும்தான். இன்று அது நாலுவழிச் சாலை. சாமி மாறவில்லை, சாலை மாறிவிட்டது.

வரும் தைப்பூசத்துக்கு மாலை போடும் குருசாமிகளுக்கும், ஜோதிக்குப் பெயர் எழுதும் ஊர் இளைஞர் மன்றத் தலைவர்களுக்கும், குலதெய்வக் கோயிலுக்கு வேன் பேசும் குடும்பத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆள் எண்ணும்போதே ஜாக்கெட்டையும் எண்ணுங்கள். வேன் ஓட்டுபவரிடம் வாடகை பேசும் முன், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் புறப்பாட்டைக் காலைக்குத் தள்ளிப் போடுங்கள்.